அம்மா குடித்த அந்த ஒரு மடக்கு

என் பிரியமுள்ள அப்பாவுக்கு, உங்கள் ஆத்து மருமகள் கோமளா தெண்டன் சமர்ப்பித்து எழுதிக்கொள்வது.

மாமனார் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்காது, அதனால் எப்போதும்போல அப்பா என்றே எழுதுகிறேன். நீங்கள் பரமபதம் போன பிறகு உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. எந்தத் தபால்காரரும் இதைக் கொண்டுபோய்ச் சேர்க்க மாட்டார் என்று தெரியும். ஆனாலும் சொல்லாமல் இருந்தால் எனக்குத் தலை வெடித்துவிடும். இதைக் கேட்டுச் சந்தோஷப்பட ஸ்ரீரங்கத்தில் உங்களைவிட்டால் யார் இருந்தார்கள்?

அப்பா, நான் சமுத்திரத்தில் பாய்மரப் படகு ஓட்டினேன்!

சிரிக்காதீர்கள். கல்யாணமான புதிதில் கொள்ளிடத்துப் பரிசலில் ஏறமாட்டேன் என்று கரையில் உட்கார்ந்து அழுதேனே, அதே கோமளாதான். பினாங்கிலிருந்து நாகூர் வரைக்கும், சுற்றிலும் தண்ணீரைத் தவிர ஒன்றும் கண்ணில் படாத இடத்தில், சுக்கானைப் பிடித்துக்கொண்டு ஒன்பது கஜப் புடவையோடு உட்கார்ந்து ஓட்டினேன். இன்னமும் கண்ணை மூடினால் கட்டில் ஆடுகிறது. நன்றாகத்தான் இருக்கிறது.

இன்னொரு சமாச்சாரமும் உண்டு. உங்கள் அகமுடையாள், அதாவது நம் அம்மா மேல் ஒரு கேஸ் நடக்கிறது. திருச்சி கோர்ட்டில் இல்லை, நம் ஆத்துக் கூடத்தில். வக்கீலாக இத்தனை வருஷம் ஊரார் வழக்கையெல்லாம் நடத்திவிட்டு, சொந்த ஆத்து வழக்குக்கு நீங்கள் இல்லாமல் போய்விட்டீர்கள். கேஸ் கட்டையாவது உங்களுக்கு அனுப்ப வேண்டாமா? அதனால் முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறேன், குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

நீங்கள் போன மறு வருஷம் உங்கள் பிள்ளை வந்து அம்மாவையும் என்னையும் பினாங்குக்கு அழைத்துக்கொண்டு போனார். அங்கே ரப்பர்க் கம்பெனி ஒன்றில் அவருக்குக் குமாஸ்தா உத்தியோகம். அம்மா கடல் தாண்டுவதா என்று தெருவே பேசியது. "ஒரே பிள்ளை. அவன் இருக்கற இடம்தான் எனக்கு அகம்" என்று ஒரே வார்த்தையில் எல்லார் வாயையும் அடைத்துவிட்டு அம்மா கப்பலேறினார். ஆனால் மடி ஆசாரத்தை மட்டும் விடவில்லை. விடுவதாவது? நீங்கள் இருந்தபோது இருந்ததைப்போல இரண்டு பங்கு ஆகிவிட்டது. தன் கையால் எடுத்த தண்ணீர், தன் கையால் செய்த தளிகை, அதுவும் பகலில் ஒரு வேளை. வேறு யார் தொட்டதும் உள்ளே இறங்காது. அப்படி இருந்தால்தான் நீங்கள் போன இடத்துக்கே வந்து சேரலாம் என்று நினைத்தாரோ என்னவோ. கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

அப்புறம் யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் பினாங்குக் கடைத்தெருவில் குண்டு போட்டான். வெள்ளைக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் தங்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு கப்பலேறிப் போய்விட்டார்கள். நம்மவர்களுக்கு அதில் இடமில்லை. கம்பெனித் துரை போகிற அவசரத்தில் தன் உல்லாசப் படகைக் காதர் பாயிடம் ஒப்படைத்து, எங்கேயாவது ஓட்டிக்கொண்டு போ, முடியாவிட்டால் முக்கிவிடு, ஜப்பான்காரன் கையில் கிடைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனான்.

காதர் பாய் நம்மூர்க்காரர். பாலக்கரையில் வீடு, பெண்டாட்டி எல்லாம் உண்டு. துரையின் படகை ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டுவதுதான் அவருக்கு வேலை. அவர் நேரே எங்கள் வாசலுக்கு வந்து நின்றார்.

"சாமி, படகு இருக்கு, பாய் இருக்கு, மார்கழிக் காத்து நம்ம ஊர்ப்பக்கமா அடிக்குது. தனி ஆளா என்னால முடியாது. கிளம்புறீங்களா? நாலு பேர் படுக்க இடம் இருக்கு."

உங்கள் பிள்ளை யோசித்தார். நான் யோசிக்கவே இல்லை, அரிசி மூட்டையைக் கட்ட ஆரம்பித்துவிட்டேன். அம்மா தன் பித்தளைக் குடத்தை நன்றாகத் தேய்த்து, கிணற்றில் தானே இறைத்து நிரப்பி, வாயை ஈரத்துணியால் கட்டி, இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். படகின் டேங்கில் காதர் பாய் ரப்பர்க் குழாய் வைத்துத் தண்ணீர் நிரப்பியிருந்தார். அம்மா அதை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

அந்தப் படகைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளை வெளேரென்று, பார்க்கக் கல்யாணப்பெண் மாதிரி இருந்தது. நீளம் நம் கூடமும் ரேழியும் சேர்ந்த அளவுதான். அகலம் அதில் பாதிகூட இல்லை. உள்ளே குனிந்துதான் போக வேண்டும். சமையலுக்கு ஒரு கெரசின் ஸ்டவ், அதை ஊஞ்சல் மாதிரி தொங்கவிட்டிருந்தார்கள். படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஸ்டவ் நேராக நிற்கும். நான்தான் சாய்வேன். முதல் நாள் வைத்த ரசம் என் மேலும் சுவரின் மேலும் போக மிச்சம் கொஞ்சம் பாத்திரத்திலும் இருந்தது. பிறகு என்னை ஒரு தூணோடு புடவைத் தலைப்பால் கட்டிக்கொண்டு சமைக்கப் பழகிவிட்டேன். அரிசி வேக ஒரு பங்கு கடல் தண்ணீரும் இரண்டு பங்கு டேங்கித் தண்ணீரும் கலந்துவிட்டால் உப்புப் போட வேண்டாம்.

உங்கள் பிள்ளையைப் பற்றிச் சொல்லவா? ஏறின கையோடு ஒரு வாளியைக் கட்டிக்கொண்டு படுத்தவர்தான். தலையைத் தூக்கினால் வாந்தி. சுக்கானை யார் பிடிப்பது? காதர் பாய் தூங்க வேண்டாமா? அப்படித்தான் அந்தப் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

"தங்கச்சி, பயப்படாதீங்க. காலையில சூரியன் முதுகுல சுடணும், சாயந்திரம் மூஞ்சியில சுடணும். காத்து எப்பவும் வலது காதுக்குப் பின்னாடி. அது மாறுச்சுன்னா என்னை எழுப்புங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த நிமிஷம் குறட்டை விட்டார்.

அப்பா, அந்தச் சுக்கான் கட்டையை முதலில் பிடித்தபோது அது என்னை இழுத்தது. நான் அதை இழுத்தேன். பிடிவாதக்காரப் பசுமாட்டைக் கொட்டிலுக்கு ஓட்டுகிற வேலைதான், வேறொன்றுமில்லை. அன்று மத்தியானத்துக்குள் எனக்கு அது வசப்பட்டுவிட்டது. பாய் காற்றில் புடைத்துக்கொண்டு, படகு ஒரு பக்கம் சாய்ந்து, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடுகிறது. ஓட்டுவது நான்! யாரிடம் சொல்வது? வாய்விட்டுக் கத்தினேன். எட்டிப்பார்த்த அம்மா, "என்னடி, சுட்டுண்டுட்டியா?" என்று கேட்டார்.

அம்மாவின் நாள் எப்படிப் போகும் என்று உங்களுக்குக் கேட்க ஆசையாக இருக்கும். விடியுமுன் எழுந்து கயிறு கட்டிய வாளியால் தானே கடல் தண்ணீரை மொண்டு ஸ்நானம். சமுத்திரத்தைக் கண்ட நாளில் தொடக்கூடாது என்று சாஸ்திரமாமே? "தொடாம எப்படி இருக்கறது, அதுன்னா நம்மைத் தொட்டுண்டே இருக்கு" என்று தானே ஒரு தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். நனைத்துப் பிழிந்த மடிப் புடவையைப் பாய்க் கழியில் உலர்த்துவார். யாரும் பக்கத்தில் போகக்கூடாது. ஒருநாள் பறக்கிற மீன் ஒன்று அலையிலிருந்து துள்ளி வந்து நேராக அந்தப் புடவை மேலேயே விழுந்தது. அம்மா போட்ட சத்தத்தில் உங்கள் பிள்ளைகூட எழுந்து உட்கார்ந்துவிட்டார். காதர் பாய் சிரித்துக்கொண்டே மீனை எடுத்துப்போய் வறுத்தார். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு புடவையை மறுபடியும் நனைத்தார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

சிரிப்பு நின்றது குடம் கவிழ்ந்தபோதுதான். ஒரு பெரிய அலை படகைத் தூக்கி அடித்தது. கட்டி வைத்திருந்த கயிறு அறுந்து, அம்மாவின் குடம் உருண்டு, தண்ணீர் அத்தனையும் ஓடிவிட்டது. துணியால் ஒற்றி எடுக்கக்கூட ஒரு சொட்டு மிஞ்சவில்லை.

அம்மா அலட்டிக்கொள்ளவில்லை. "இளநீர் இருக்கோல்லியோ? அதுக்குத் தீட்டு கிடையாது" என்றார். காதர் பாய் வாங்கிப் போட்டிருந்த இளநீர்க் குவியல் இருந்தது. எங்களுக்கு டேங்கித் தண்ணீர், அம்மாவுக்கு இளநீரும் ஊறாத அவலும். நாங்கள் மூவரும் இளநீரைக் கையால்கூடத் தொடுவதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொண்டோம். ஆனால் குவியல் குறைந்துகொண்டே வந்தது. காற்றும் விழுந்துவிட்டது. பாய் தொங்கிப்போய், படகு நின்ற இடத்திலேயே நின்று ஆடியது. கரை இன்னும் எவ்வளவு தூரம் என்று காதர் பாயைக் கேட்டேன். தலையைச் சொறிந்தார்.

"தங்கச்சி, உங்ககிட்ட மறைச்சு என்ன ஆவப்போவுது? கரை கண்ணுக்குத் தெரியாத தூரம் நான் இதுக்கு முன்னாடி வந்ததே இல்லைங்க. துரை ஞாயித்துக்கிழமை டீ குடிக்க வருவாரு, சாயந்திரம் திரும்பிருவோம்."

நல்ல ஆளை நம்பித்தான் ஏறினோம் என்று எனக்குக் கோபம் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் கோபம் தங்கவில்லை. அவரும் பாவம், பாலக்கரைக்குப் போய்ச் சேர வேண்டுமே.

கடைசி இளநீரும் தீர்ந்தது. அம்மா படுத்துவிட்டார். உதடு வெடித்திருந்தது. நாக்கு தடித்து வார்த்தை குழறியது. காலடியில் டேங்க் நிறையத் தண்ணீர். அதற்கு மேல் பலகையில் தலை வைத்துக்கொண்டு ஒருவர் தாகத்தில் சாகிறார். அப்பா, இந்த அநியாயத்தை எங்கேயாவது கேட்டதுண்டா? உங்கள் பிள்ளை தவழ்ந்து வந்து டம்ளரை நீட்டினார்.

"அம்மா, ஆபத்துக்குப் பாவமில்லை. ஒரு வாய் குடி."

"வேண்டாம்டா. பெருமாள் குடுப்பார்."

"குடுக்கலைன்னா?"

"குடுக்கலைன்னா கூப்பிட்டுக்கறார்னு அர்த்தம். அப்பாகிட்ட போயிடறேன்."

அவர் டம்ளரோடு அப்படியே உட்கார்ந்து அழுதார். நான் அழவில்லை. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. உங்கள் மேலும்தான். ஏன் இவரை இப்படி விட்டுவிட்டுப் போனீர்கள் என்று சுக்கானைப் பிடித்துக்கொண்டு உங்களோடு சண்டை போட்டேன். காதில் விழுந்ததா?

விழுந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் மறுநாள் பகலில் வடகிழக்கே வானம் கறுத்தது. முதலில் காற்று. பிறகு மழை! மழையா அது? திருவரங்கத்து ஐப்பசி மழையை அப்படியே கொண்டுவந்து எங்கள் தலையில் கொட்டியது மாதிரி இருந்தது. நான் ஆடினேன். உங்கள் பிள்ளை வாளியை விட்டுவிட்டு எழுந்து வாயைத் திறந்துகொண்டு நின்றார். அவரும் காதர் பாயும் பாயைக் குழிவாக மடக்கி, அதில் வழிந்த தண்ணீரை டேங்கின் வாயில் விட்டு நிரப்பினார்கள். இரண்டு பேரும் சின்னப் பையன்கள் மாதிரி கூச்சல் போட்டார்கள்.

படுத்திருந்த அம்மா எப்படி எழுந்தார் என்றே தெரியவில்லை. "அந்தப் பாய் எல்லாரும் தொட்டது. எனக்கு நேரா ஆகாசத்து ஜலம்தான் வேணும்" என்று குழறியபடியே வெளியே தவழ்ந்து வந்தார். மடிப் புடவையை நான்கு மூலையும் கட்டி விரிக்கச் சொன்னார். கட்டினேன். உடனே குடத்தை வைக்கவில்லை. புடவையை அவிழ்க்கச் சொன்னார். மழையிலேயே அலசிப் பிழிந்து, மறுபடி அலசிப் பிழிந்து, பிறகு கட்டச் சொன்னார். மழை நின்றுவிடப் போகிறதே என்று எனக்குப் பதைபதைத்தது.

"அம்மா, போதும், ஜலம் வீணாப் போறது!"

"பேசாம இருடி. மீன் விழுந்த புடவை. மூணு தரம் நனைச்சாத்தான் மடி."

மூன்றாவது தரம் பிழிந்த பிறகுதான் குடம் புடவைக்கு அடியில் போனது. குடம் நிறைந்தது. என் அடுக்கு, உருளி, வாணலி எல்லாம் நிறைந்தது. அம்மா இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார். குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

கதை அதோடு முடிந்திருந்தால் கேஸ் ஏது? அன்று சாயந்திரம் டேங்கித் தண்ணீரில் காப்பி போட்டேன். வாயில் வைக்க முடியவில்லை. ஒரே கரிப்பு. அத்தனை நாள் அலை தெறித்துத் தெறித்துப் பாயெல்லாம் உப்புப் பொரிந்திருந்தது. கெட்டிக்காரர்கள் இருவரும் முதல் மழையில் அதைக் கழுவ விடாமல், அவசரத்தில் உப்போடு சேர்த்து டேங்கில் இறக்கிவிட்டார்கள். இருந்த நல்ல தண்ணீரும் கெட்டது. திறந்த பாத்திரங்களில் பிடித்தது ஆட்டத்தில் கொட்டிவிட்டதால், படகில் குடிக்க லாயக்கான தண்ணீர் அம்மாவின் குடத்தில் இருந்தது மட்டும்தான். மூன்று தரம் பிழிந்ததில் புடவையில் ஏறியிருந்த உப்பு எல்லாம் போய்விட்டிருந்தது. அம்மாவுக்கு உப்பைப் பற்றி நினைப்பே கிடையாது, மீனைப் பற்றித்தான். ஆனாலும் பலன் பலன்தானே?

அம்மா எங்களுக்கு மொண்டு தூக்கி ஊற்றினார். நானும் உங்கள் பிள்ளையும் கையை ஏந்திக் குடித்தோம். காதர் பாய்க்கும் அப்படியே ஊற்றினார். ஆனால் மழையைக் கொண்டுவந்த காற்று நிற்கவில்லை. ஆடுகிற படகில் உயரத்திலிருந்து ஊற்றினால் பாதி அவர் முழங்கையில் வழிந்தது, குவளையை நீட்டினாலும் பாதி வெளியேதான். இரண்டு தடவை பார்த்தார். மூன்றாவது தடவை கையை எடுத்துவிட்டார்.

"வேணாங்கம்மா. பாதி கீழ போவுது. டம்ளரை விட்டு மொண்டா மொத்தக் குடமும் உங்களுக்கு ஆகாமப் போயிரும். அப்புறம் நீங்க மறுபடி படுத்துருவீங்க. அதை ஒரு தடவை பார்த்ததே போதும். எனக்கு டேங்கித் தண்ணி இருக்கு."

சொன்னபடியே தன் எனாமல் குவளையில் அந்த உப்புத் தண்ணீரைப் பிடித்துக் குடித்தார். எங்களை ஏமாற்ற, நன்றாகத்தான் இருக்கிறது என்று உதட்டை வேறு நக்கிக்கொண்டார். உப்புத் தண்ணீர் தாகத்தைத் தீர்க்குமா? குடிக்கக் குடிக்கக் கேட்டது. மறுநாள் குடலைப் பிடுங்குகிற வாந்தி. கண் உள்ளே போய்விட்டது. பாயைக் கட்டக் கை ஏறவில்லை. கரை நெருங்க நெருங்க மணல்திட்டு வரும், அலை உடையும். அங்கே படகைக் கொண்டுபோய்ச் சேர்க்க அவருக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிந்தது சூரியன் முதுகிலா மூஞ்சியிலா என்பது மட்டும். அவர் விழுந்தால் நான்கு பேரும் போக வேண்டியதுதான்.

அம்மா கெஞ்சினார், திட்டினார். "ஏம்ப்பா காதர், ஊத்தறேன், ஏந்திக்கோயேன்." மனிதர் அசையவில்லை. நம் ஆத்து மடியை நம்மைவிட இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிடந்தார். பிடிவாதத்தில் அம்மாவுக்குச் சரியான ஜோடியாக ஒரு ஆள் கிடைத்தார் என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது.

அப்போது அம்மா ஒரு காரியம் செய்தார். இதுதான் கேஸ், கவனமாகக் கேளுங்கள். காதர் பாய் பக்கத்தில் பாதி உப்புத் தண்ணீரோடு அந்தக் குவளை இருந்தது. அவர் வாய் வைத்துக் குடித்த குவளை. அம்மா அதை எடுத்தார். ஒரு தரம் மேலே பார்த்தார். பெருமாளைப் பார்த்தாரா, உங்களைப் பார்த்தாரா, எனக்குத் தெரியாது. பிறகு அதே விளிம்பில் வாய் வைத்து ஒரு மடக்குக் குடித்தார்.

உங்கள் பிள்ளை "அம்மா!" என்று கத்தினார். அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கிவிட்டு, மிச்சத்தைக் கடலில் கொட்டினார். அதே குவளையைத் தன் குடத்துக்குள் விட்டு நிறைய மொண்டு காதர் பாயின் வாயருகே நீட்டினார்.

"ஆச்சு. இப்போ எனக்கும் மடி இல்லை. இனிமே இந்தக் குடம் நாலு பேருக்கும் பொது. குடி."

காதர் பாய் குடித்தார். கண்ணிலிருந்து தாரையாக வழிந்தது. குடித்து முடித்து, "உப்பா இருந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

"உன் மூஞ்சி மாதிரி இருந்தது" என்றார் அம்மா.

அப்பா, அந்த மழைக்குச் சந்தோஷப்பட்டதைவிட எனக்கு அந்த ஒரு நிமிஷத்தில் சந்தோஷம் அதிகம். என் மாமியார் என்று ஊரெல்லாம் கேட்கக் கூவ வேண்டும்போல இருந்தது. கூவினால் கேட்க அங்கே மீன்கள்தான் இருந்தன.

அப்புறம் என்ன, அம்மா எங்களுக்கு ராணியாகிவிட்டார். யாருக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் என்பது அவர் அதிகாரம். காதர் பாய் எழுந்து உட்கார்ந்தார். காற்று எங்களைத் தூக்கிக்கொண்டு ஓடியது. ஒரு காலையில் நான் சுக்கானில் இருந்தபோது, மேற்கே நூல் நூலாக ஏதோ நின்றது. பனைமரமா என்று பார்த்தேன். காதர் பாய் எழுந்து நின்று கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தார். நாகூர் தர்காவின் மனோராக்கள்! அங்கிருந்து சுக்கானை அவர் வாங்கிக்கொண்டார். மணல்திட்டுக்கு நடுவே வாய்க்காலில் தண்ணீர் விடுகிற மாதிரி படகை வளைத்து வளைத்துக் கொண்டுபோய்க் கரையில் சேர்த்தார். இறங்கியதும் அவர் ஈர மணலில் நெற்றியை வைத்தார். பக்கத்தில் அம்மா விழுந்து சேவித்தார். நான் மட்டும் தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன்.

ரயிலில் தஞ்சாவூர் தாண்டி மலைக்கோட்டை கண்ணில் பட்டபோது வண்டியில் இருந்தவர்களுக்கெல்லாம் கையை நீட்டிக் காட்டினேன், அவர்கள் பார்க்காததைப்போல. காதர் பாய் ஜங்ஷனில் இறங்கிப் பாலக்கரைக்கு ஓடினார். அம்மா ஆத்துக்குக்கூட வராமல் நேரே அம்மா மண்டபம் படித்துறைக்குப் போய்க் காவேரியில் முழுகி எழுந்தார். அன்று ஏறிய மடி இன்றும் இறங்கவில்லை. முன்னைவிட ஒரு பங்கு கூடுதல் என்றே சொல்லலாம். நேற்றுக்கூட ஊறுகாய் ஜாடியைத் தொட்டதற்கு எனக்கு வாங்கிக் கட்டிக்கொள்ள நேர்ந்தது.

இனி வழக்குக்கு வருகிறேன். வருகிற மாசியில் உங்கள் திதி. திதி பண்ணிவைக்கிற வாத்தியார் ஸ்வாமியும் உங்கள் சித்தப்பா பிள்ளையும் இன்னும் நாலு பெரியவர்களும் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். சமுத்திரம் தாண்டினதற்கு மூவரும் பிராயச்சித்தம் செய்துகொள்ள வேண்டும், அப்போதுதான் திதிக்கு வருவோம் என்றார்கள். அம்மா உடனே சரி என்றார். வேறு ஏதாவது தோஷம் உண்டா என்று வாத்தியார் கேட்டார். கேட்டிருக்க வேண்டாம். அம்மா ஒன்று விடாமல் சொன்னார்.

வாத்தியார் நல்லவர்தான். "அதனாலென்ன மாமி, ஆபத்தர்மம். சங்கல்பத்துல அதையும் ஒரு வார்த்தை சேத்துண்டா போறது" என்றார்.

"சேக்கப்படாது" என்றார் அம்மா.

எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"சமுத்திரம் தாண்டினதுக்குப் பஞ்சகவ்யம் சாப்பிடறேன். மீன் விழுந்த புடவையைக் கட்டிண்டதுக்கு வேணும்னா உபவாசம் இருக்கேன். அந்த ஒரு மடக்குக்கு மாட்டேன். பிராயச்சித்தம் பண்ணிண்டா, அது தப்புன்னு ஒத்துண்டதா ஆயிடும். நான் தப்புன்னு நெனைக்கலை."

எத்தனையோ சொல்லிப் பார்த்தார்கள். அசையவில்லை. சமாச்சாரம் எப்படியோ பாலக்கரைக்கு எட்டி, மறுநாளே காதர் பாய் வேர்க்க விறுவிறுக்க வாசலில் வந்து நின்றார். "அம்மா, நீங்க குடிக்கவே இல்லைன்னு நான் பெரியவங்ககிட்ட வந்து சொல்லிர்றேன். பொய் சொன்ன பாவம் எனக்கு இருந்துட்டுப் போவட்டும்" என்றார். அம்மா அவரைத் திட்டின திட்டை நான் எழுத மாட்டேன். கடைசியில் குரலைத் தணித்துக்கொண்டு, "உனக்கு எதுக்குடாப்பா அந்தப் பாவம்? நான் குடிச்சேன். இன்னொரு தரம் அப்படி வந்தா இன்னொரு மடக்குக் குடிப்பேன்" என்றார்.

இதுதான் கேஸ், அப்பா. உங்கள் கட்சிக்காரர் செய்தது உண்மை என்கிறார், குற்றம் என்று மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார். இப்படி ஒரு கட்சிக்காரரை வைத்துக்கொண்டு நீங்கள் எப்போதாவது வாதாடியதுண்டா? வாத்தியார் வரமாட்டார். இலையில் உட்கார ஒருவரும் வரமாட்டார்கள். அம்மா வெளியே காட்டிக்கொள்வதில்லை. ஆனால் நேற்று பூஜைக்குப் பூத் தொடுத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "ஏண்டி கோமளா, அதனால அவர் என்னைச் சேத்துக்காமப் போயிடுவாரோ?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர் நீங்கள்தான். சேர்த்துக்கொள்வீர்கள் இல்லையா? அவர் வரும்போது வாசலிலேயே நிற்க வைத்துக் குறுக்கு விசாரணை செய்ய மாட்டீர்களே?

ஒன்று மட்டும் நான் வாக்குக் கொடுக்கிறேன். உங்கள் திதியன்று விடியுமுன் காவேரியில் முழுகி, ஈரப்புடவையோடு உங்களுக்குப் பிடித்த அத்தனையும் நானே தளிகை செய்வேன். உங்கள் பிள்ளைக்கு மந்திரம் தெரியும், அவர் தர்ப்பையை வைத்துச் செய்வார். ஊரார் வந்தாலும் வராவிட்டாலும் நம் கூடத்தில் உங்களுக்கு இலை விழும். அன்று உங்களுக்கு வார்க்கிற தீர்த்தத்தை அம்மாவின் கையால்தான் மொண்டு தரச் சொல்லுவேன். நீங்கள் அதை வாங்கிக்கொள்ளுங்கள், அப்பா. அதைவிட மடியான கை ஸ்ரீரங்கத்தில் வேறு இல்லை.

இப்படிக்கு,
உங்கள் அகமுடையாளுக்கு மருமகள் என்று சொல்லிக்கொள்வதில் தலைகால் புரியாத,
உங்கள் ஆத்துக் கோமளா